முகம் தெரியாத நான்கு பேரோடு ஒரே வண்டியில் சஃபாரி போகலாமா?

"நானும் மனைவியும் முதல்முறையாக சஃபாரி போகிறோம். கென்யாவும் தான்சானியாவும் சேர்த்து எட்டு நாள். பகிர்வு வண்டியில் இடம் போட்டுவிட்டோம். கூட வரப்போகும் நான்கு பேர் யாரென்றே தெரியாது. இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. தனி வண்டிக்கு மாறிவிடலாமா? சேர்ந்துதான் போவதென்றால் எதையெல்லாம் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற வேண்டாம். என் கணக்கில் தனி வண்டி கட்டாயம் தேவைப்படுவது இரண்டு வகை ஆட்களுக்குத்தான். பெரிய லென்ஸோடு வந்து ஒரே பறவைக்காக அரை நாள் உட்காரக்கூடிய புகைப்படக்காரர் ஒருவர். சிறு குழந்தையோடு வருகிறவர் இன்னொருவர். நீங்கள் இந்த இரண்டும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இதுவரை போன சஃபாரிகளில் பெரும்பாலானவை பகிர்வு வண்டியில்தான். அதில் ஒன்று படுமோசமாகப் போனது, அதையும் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த நல்ல காட்சிகளில் பாதியை முதலில் கண்டது என் கண் இல்லை, பக்கத்து சீட்டுக்காரரின் கண்.

காட்டில் விலங்கைக் கண்டுபிடிப்பது முழுக்க முழுக்கக் கண் வேலை. காய்ந்த புல்லின் நிறமும் சிங்கத்தின் நிறமும் ஒன்று. படுத்திருக்கும் சிங்கத்தின் காது நுனி மட்டும் புல்லுக்கு மேல் தெரியும், அதுவும் அது காதை ஆட்டினால்தான். சிறுத்தை இன்னும் மோசம். மரக்கிளையோடு கிளையாக ஒட்டிக்கிடக்கும். ஒரு பயணத்தில் எங்கள் வண்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். இரண்டு நாள் யாரோடும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வண்டி ஒரு மரத்தைத் தாண்டிப் போன பிறகு, "அந்தக் கிளையில் தொங்கியது வாலா?" என்று சந்தேகமாகக் கேட்டார். கைடு வண்டியைப் பின்னால் எடுத்தார். வால்தான். வாலுக்குச் சொந்தக்காரச் சிறுத்தை, கவட்டையில் மாட்டி வைத்திருந்த இம்பாலா மானுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தனி வண்டியில் போயிருந்தால் நான் அந்த மரத்தைத் தாண்டியே போயிருப்பேன். நான் அப்போது தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, வண்டியிலிருந்து தொடங்குவோம். கென்யாவிலும் தான்சானியாவிலும் பெரும்பாலும் லேண்ட் குரூசர்தான். கூரையை மேலே தூக்கிவிட்டு நின்று பார்க்கலாம்; ஆறு அல்லது ஏழு பேர் உட்காரலாம். சில இடங்களில் அதே மாதிரி கூரை தூக்கும் மினிவேன் இருக்கும்; சேறு என்றால் திணறும். தென் ஆப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கம் போனால் சுற்றிலும் திறந்த வண்டி, படிப்படியாக உயரும் மூன்று வரிசை, ஒன்பது பத்து பேர் வரைக்கும். உங்கள் ஏற்பாட்டாளரிடம் "எத்தனை சீட்" என்று கேட்காதீர்கள். "எத்தனை பேரை ஏற்றுவீர்கள், எல்லோருக்கும் ஜன்னல் உண்டா" என்று கேளுங்கள். நடு சீட்டில் மாட்டிக்கொண்டவர் எட்டு நாளும் அடுத்தவர் தோள்பட்டையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆறு பேர், ஆறு ஜன்னல் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

இன்னொன்று. கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்கும் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்கும் நடுவில் வேலி கிடையாது. விலங்குகள் தாராளமாகப் போய்வரும். மனிதர்கள்தான் சுற்றிப் போய் எல்லையைக் கடக்க வேண்டும். அங்கே வழக்கமாக வண்டியும் ஓட்டுநரும் மாறுவார்கள். அதனால் முதல் கைடிடம் பேசி வைத்ததை இரண்டாமவரிடம் மறுபடி பேச வேண்டியிருக்கும். மறந்துவிடாதீர்கள்.

இப்போது நான் சொன்ன அந்த மோசமான பயணம். ஆறு பேரில் இருவர் நண்பர்கள். கையில் ஒரு பட்டியலோடு வந்திருந்தார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். 'பிக் ஃபைவ்' என்பார்களே, அதுதான். அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் சுற்றுலாக்காரர்கள் இல்லை, வேட்டைக்காரர்கள். நடந்து போய் வேட்டையாடுவதற்கு எந்த ஐந்து விலங்குகள் மிகவும் கடினம், ஆபத்து என்று கணக்குப் போட்டு வைத்த பெயர். பார்க்க அழகானவை எவை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒட்டகச்சிவிங்கி அதில் கிடையாது, சிவிங்கிப்புலி (சீட்டா) கிடையாது, காட்டுநாய் கிடையாது. ஆனால் இந்த இருவருக்கும் ஐந்தில் ஒன்று கண்ணில் பட்டதும் நான்கு படம், உடனே "போகலாம், போகலாம்". எதிர் வரிசையில் ஒரு தாயும் மகளும். அவர்களுக்கு ஒவ்வொரு யானைக் கூட்டத்தோடும் அரை மணி நேரம் இருக்க ஆசை. நடுவில் கைடு. அவர் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் பக்கம் போனார். மூன்றாம் நாள் மதியத்துக்குள் ஐந்தும் முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்த இருவருக்கும் காட்டில் வேலை இல்லை. மிச்ச நாளெல்லாம் போனை நோண்டிக்கொண்டு வந்தார்கள். தாயும் மகளும் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நான் எந்தப் பக்கமும் பேசாமல் நல்லவனாக உட்கார்ந்திருந்தேன். யோசித்தால் என் தப்பும் அதில் உண்டு.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதல் நாள் மாலை, தங்குமிடத்துக்கு வந்து குளித்து முடித்ததும், எல்லோரையும் கைடோடு சேர்த்து ஒரு பத்து நிமிடம் உட்கார வைத்துவிடுவேன். ஒவ்வொருவரும் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: இந்தப் பயணத்தில் எதைப் பார்க்காமல் போனால் வருத்தமாக இருக்கும்? வரும் பதில்கள் வேடிக்கையாக இருக்கும். ஒருவருக்குக் காண்டாமிருகம். ஒருவருக்கு ஏதாவது குட்டி, எந்த விலங்கின் குட்டியாக இருந்தாலும் சரி. ஒருவருக்கு விடியல் வெளிச்சம். ஒரு முறை ஒருவர் "எனக்கு நல்ல தூக்கம் வேண்டும், தினமும் அதிகாலையில் எழுப்பாதீர்கள்" என்றார். அது தெரிந்ததும் நல்லதாகப் போயிற்று. ஒரு நாள் காலை அவரை விட்டுவிட்டுப் போனோம், இரு தரப்புக்கும் சந்தோஷம். கைடுக்கும் இது பெரிய உதவி. யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தால் எட்டு நாளுக்குள் எங்கே எதைச் செருகலாம் என்று அவரே பார்த்துக்கொள்வார்.

அந்தப் பத்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டிய இன்னொரு விஷயம், காத்திருப்பது. பகிர்வு வண்டியில் வரும் சண்டைகளில் முக்கால்வாசி 'இருக்கலாமா, கிளம்பலாமா' என்பதில்தான் வரும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். அதற்கு முன்னால் இருவர் எழுந்திருக்கும் வரை இருக்கலாம் என்பார்கள், மற்றவர்கள் கிளம்பலாம் என்பார்கள். இரண்டுமே நியாயம்தான். எங்களுக்கு ஒத்துவந்த வழி இது: எந்த விலங்காக இருந்தாலும் முதல் பதினைந்து நிமிடம் யாரும் கிளம்பலாம் என்று சொல்லக்கூடாது. அதற்கப்புறம் கைடிடம் கேட்பது: "இது ஏதாவது செய்யப்போகிறதா?" நல்ல கைடுக்கு அது தெரியும். வயிறு ஒட்டிப்போன சிங்கமா, புடைத்த வயிறா? சிவிங்கிப்புலி கரையான் புற்றின்மேல் ஏறி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா, சும்மா நிழலுக்குப் படுத்திருக்கிறதா? அவர் "வாய்ப்பு உண்டு" என்றால் இருப்பது, "மாலை வரை ஒன்றும் நடக்காது" என்றால் கிளம்புவது. அவர் பேச்சுக்கு எல்லோரும் கட்டுப்படுவது என்று முன்பே ஒத்துக்கொண்டால், யார் மேலும் யாருக்கும் கோபம் வராது. கோபம் வந்தாலும் சிங்கத்தின் மேல் வரும்.

இந்தக் காத்திருப்பு உச்சத்துக்குப் போகும் இடம் மாரா ஆறு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள், கூடவே வரிக்குதிரைகள், மழையையும் புதுப் புல்லையும் தேடி செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்குமான காலத்தில் அவை ஆற்றைக் கடக்கும். கடக்கும் என்றால் நேரம் போட்டுக் கடப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கரைக்கு வரும். முன்னால் நிற்பது தண்ணீரைப் பார்க்கும், முதலையை மோப்பம் பிடித்ததோ என்னவோ, சட்டென்று திரும்பும். அது திரும்பினால் மொத்தக் கூட்டமும் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பும். அரை மணி கழித்து மறுபடி வரும். ஒரு தடவை மூன்றரை மணி நேரம் இப்படி உட்கார்ந்திருந்தோம். நான்கு முறை வந்தன, நான்கு முறையும் திரும்பின. கடைசியில் மேய்ந்துகொண்டே மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மறுநாள் காலை, வேறெங்கோ போகும் வழியில், எதிர்பாராமல் கடந்ததைப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒன்று குதித்தால் போதும், பின்னால் வருவது எல்லாம் குதிக்கும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இந்த மாதிரி நாளுக்குப் போகும்போது வண்டியில் எல்லோரும் "இன்று முழுக்க ஆறுதான், ஒன்றுமே நடக்காமல் போகலாம்" என்று முந்தின இரவே தலையாட்டியிருக்க வேண்டும். ஒருவர் ஆட்டாவிட்டாலும் அந்த மூன்றரை மணி நேரம் நரகம்.

ஆற்றங்கரையில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், வண்டி நிற்கும் இடம். விலங்குகள் இறங்கும் சரிவிலோ ஏறி வரும் சரிவிலோ வண்டிகள் வரிசை கட்டி நின்றால் அவை கடக்காமலே போய்விடும், அல்லது செங்குத்தான கரையில் ஏற முயன்று விழும். இது தெரிந்தும் ஓட்டுநர்கள் முண்டியடிப்பது எதற்கு? பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்ந்து போவதில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. கைடின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர் வருமானத்தில் கணிசமான பங்கு பயணிகள் கடைசி நாளில் கொடுக்கும் அன்பளிப்பு. அதனால் பயணி "இன்னும் கிட்டே போங்க" என்றால் அவரால் முடியாது என்று சொல்வது கஷ்டம். மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக்கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ரேடியோவில் "சிவிங்கிப்புலி" என்று ஒரு குரல் கேட்டால் போதும், இருபது வண்டி வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அது பகலில் வேட்டையாடும் விலங்கு. வண்டிகள் சுற்றி நின்றால் இரையை நெருங்க முடியாது. அடித்தாலும் நிம்மதியாகத் தின்ன முடியாது. குட்டிகளை விட்டுப் பிரிந்துவிடும். மாரா பகுதியில் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொன்ன கணக்கு இது: சுற்றுலா குறைவான இடத்தில் ஒரு தாய் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் அதிகம் வரும் இடத்தில் 0.2. அதாவது ஐந்து தாய்களுக்கு ஒரு குட்டி. இதைப் படித்த பிறகு என்னால் அந்த வட்டத்துக்குள் வண்டியை விடச் சொல்ல முடியவில்லை.

தனி ஆளாக நீங்கள் "கிட்டே போக வேண்டாம்" என்றால் கைடு அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்வார். ஆறு பேரும் சேர்ந்து முதல் நாளே, "எங்களுக்காக விதியை மீற வேண்டாம், பாதையை விட்டு இறங்க வேண்டாம், அதற்காக உங்கள் அன்பளிப்பு குறையாது" என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் முகமே மாறிவிடும். அதற்குப் பிறகு அவர் ஓட்டும் விதம் வேறு. கூட்டத்தைத் தேடாமல் தன் சொந்த இடங்களுக்குக் கூட்டிப்போவார். ஒரு முறை இப்படிச் சொன்னதற்கு அடுத்த நாள், வேறு வண்டியே இல்லாத ஒரு பள்ளத்தில், கழுதைப்புலிக் குட்டிகள் வளைக்கு வெளியே விளையாடுவதைக் காட்டினார். ஒன்று எங்கள் டயரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

அன்பளிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுப்பதா, உறையில் சேர்த்துப் போடுவதா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பேசினால் எல்லோருக்கும் தர்மசங்கடம்.

வண்டிக்குள் நடந்துகொள்வது பற்றி. விலங்குகள் வண்டியையும் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்து ஒரே பெரிய உருவமாகத்தான் எடுத்துக்கொள்கின்றன என்று கைடுகள் சொல்வார்கள். திறந்த வண்டியில் ஒருவர் திடீரென எழுந்து நின்றாலோ கையை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் உடையும்; அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த சிங்கம் நேராகப் பார்க்கும். கூரை தூக்கிய வண்டியில் நிற்கலாம், ஆனால் மெதுவாக. கதவைத் தட்டுவது, விசில் அடிப்பது, "இங்கே பார்" என்று விலங்கைக் கூப்பிடுவது எல்லாம் செய்கிறவர்கள் உண்டு. எங்களோடு வந்த ஒருவர் தூங்குகிற சிங்கம் தலையைத் தூக்கட்டும் என்று வண்டியின் பக்கத்தைத் தட்டினார். கைடு எஞ்சினைப் போட்டு ஒன்றுமே சொல்லாமல் கிளம்பிவிட்டார். நல்ல பாடம்.

கத்தாமல் எப்படி இடத்தைக் காட்டுவது? கடிகார முறை. வண்டியின் மூக்கு பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூன்று, பின்பக்கம் ஆறு. "இரண்டு மணி, ஒற்றை மரத்துக்குக் கீழே" என்று மெல்லச் சொன்னால் ஆறு தலையும் சரியான பக்கம் திரும்பும். இல்லையென்றால் "அதோ, அதோ!", "எங்கே?", "அங்கேதான்!" என்றே விலங்கு போய்விடும்.

படம் எடுப்பவர்களோடு வரும் தகராறுகள் சில்லறைதான். பிளாஷ் வேண்டாம். ஷட்டரை சத்தமில்லாத முறையில் வையுங்கள். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் இருக்கை மாறினால் மொத்த வண்டியும் ஆடும். அசையப்போகும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அசையுங்கள். பெரிய கேமரா இல்லாவிட்டாலும் ஆளுக்கொரு பைனாகுலர் கட்டாயம், 8x42 போதும். தம்பதிக்கு ஒன்று என்று சிக்கனம் பிடித்தால் சண்டை வண்டிக்குள் வராது, வீட்டுக்குள் வரும். அப்புறம், காண்டாமிருகப் படத்தை இடத்தின் குறிப்போடு பொதுவெளியில் போடாதீர்கள். கொம்புக்காகக் கொல்கிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள். போனில் இடக்குறிப்பை அணைத்துவிட்டே உள்ளே போங்கள்.

யாரும் கேட்கக் கூச்சப்படும் கேள்வி, கழிப்பறை. பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. குறிப்பிட்ட ஓய்விடங்களில்தான் இறங்கலாம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். அவசரம் என்றால் கைடிடம் "டயரைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும். பாதுகாப்பான வெட்டவெளியாகப் பார்த்து, சுற்றிலும் நோட்டம் விட்டு, வண்டிக்குப் பின்னால் அனுப்புவார். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள்தான் இரண்டாம் நாள் தலைவலியோடு படுக்கிறார்கள். முதலில் டயர் பார்க்கப் போகிறவர் ஒருவர் துணிந்துவிட்டால் மற்றவர்களின் கூச்சமும் போய்விடும். அந்தத் தியாகத்தை நீங்களே செய்யலாம்.

உடைக்கு மண் நிறம், காக்கி, ஆலிவ் போதும். அடர் நீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈக்களுக்கு அந்த நிறங்கள் என்றால் உயிர். அந்த ஈயைப் பிடிக்க வைக்கும் துணிப் பொறிகளே அந்த நிறங்களில்தான் இருக்கும். அதன் கடி சட்டையைத் தாண்டி வரும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டைகளோடு போனால் தான்சானியாவின் கோரோங்கோரோவில் நடுங்குவீர்கள். அந்தப் பழைய எரிமலைக் கிண்ணத்தின் விளிம்பு 2,200 மீட்டருக்கும் மேலே, விடிகாலையில் மூடுபனி. அங்கிருந்து சுமார் 600 மீட்டர் கீழே இறங்கினால் கிட்டத்தட்ட 260 சதுர கிலோமீட்டர் சமவெளி. சிங்கம், யானை, கறுப்புக் காண்டாமிருகம் எல்லாம் உண்டு. ஒட்டகச்சிவிங்கி மட்டும் கீழே இல்லை, செங்குத்துச் சரிவும் தோதான மரங்கள் குறைவாக இருப்பதும் காரணம் என்கிறார்கள். வண்டியில் ஒருவர் "ஒட்டகச்சிவிங்கி எங்கே" என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார், அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிறு விமானத்தில் போகும் பகுதி உங்கள் பயணத்தில் இருந்தால் பெட்டி 15 முதல் 20 கிலோவுக்குள், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். கடினமான சூட்கேஸை ஏற்ற மாட்டார்கள். பகிர்வு வண்டியிலும் இதே விதியை நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆறு பேர் பைக்கு இருப்பது கொஞ்சம் இடம்தான். பிளாஸ்டிக் பைகளைக் கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் தடை செய்துவிட்டன, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும்; கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடாதீர்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அதில் என் ஆலோசனை வேண்டாம்.

நடந்து போகும் சஃபாரியோ கொரில்லா பார்க்கும் மலையேற்றமோ பின்னால் திட்டத்தில் இருந்தால், அங்கே சக பயணிகளின் முக்கியத்துவம் இன்னும் கூடும். ஜாம்பியாவின் லுவாங்வாவில் நடை சஃபாரியில் ஆயுதம் தாங்கிய காவலர் முன்னால் போவார், எல்லோரும் ஒரே வரிசையில். மெதுவாக நடப்பவரின் வேகம்தான் அனைவரின் வேகம். கொரில்லாவுக்கு ஒரு குழுவில் எட்டுப் பேர், அருகில் இருக்க ஒரு மணி நேரம், அவ்வளவுதான். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, இருமல் என்றால் விடமாட்டார்கள், ஏனென்றால் நம் சளி அவற்றைக் கொல்லும். அதை மறைத்துக்கொண்டு வருகிறவர் தன் குழுவையும் கொரில்லாவையும் சேர்த்து ஏமாற்றுகிறார்.

சக பயணிகளில் எனக்குப் பிடித்த வகை பறவைக்காரர்கள். ஆரம்பத்தில் எல்லோரும் அவர்களைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். பெரிய விலங்கு ஒன்றும் கண்ணில் படாத மதிய நேரத்தில்தான் அவர்கள் அருமை தெரியும். ஊதா நெஞ்சுப் பனங்காடை பறக்கும்போது இறக்கையில் எத்தனை நீலம் என்று அவர்தான் எண்ணிச் சொல்வார். பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) வட்டமிடுவதும் ஒரே இடத்தில் இறங்குவதும் வேறு வேறு செய்தி என்று சொல்லித்தருவார். இறங்குகின்றன என்றால் அங்கே ஏதோ செத்துக்கிடக்கிறது, பக்கத்தில் அடித்தவர் இருக்கலாம். இன்னொரு பயணத்தில் பூச்சிக்காரர் ஒருவர் வந்தார். பாதையில் சாணி உருட்டிக்கொண்டு போன வண்டுக்காக வண்டியை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். இரவில் இந்த வண்டுகளில் ஒரு வகை பால்வீதியின் ஒளிப்பட்டையைப் பார்த்து நேர்கோட்டில் உருட்டிப் போகிறது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள் என்றார் அவர். வண்டுகளின் தலைக்கு அட்டைத் தொப்பி மாட்டி, வானம் தெரியாமல் செய்து, அவை வழி தவறுவதைப் பார்த்தார்களாம். அதன்பிறகு பாதையில் சாணி கிடந்தால் நாங்களே "நிறுத்துங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

கஷ்டமான வகை, கைடைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று வருகிறவர். நாலு காணொளி பார்த்துவிட்டு வந்து ஒவ்வொன்றையும் திருத்துவார். அவரோடு வாதாடாதீர்கள். கைடிடம் வேறொரு கேள்வி கேட்டு, பேச்சை அவர் கைக்கு மாற்றிவிடுங்கள். ஓயாமல் பேசுகிறவரை முன் சீட்டில் உட்கார வைப்பதும் ஒரு வழி. காற்றும் எஞ்சின் சத்தமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. பிப்ரவரியை ஒட்டி என்றால் வில்டபீஸ்ட் கூட்டம் செரெங்கெட்டியின் தெற்கே, குட்டி போடும் சமயம். மாரா ஆற்றுக்காகத் திட்டம் போட வேண்டாம். ஏப்ரல், மே பெருமழை. புல் உயரம், சேறு, ஆனால் வண்டிகளும் குறைவு. மாதம் எதுவானாலும் முதல் நாள் காலை வண்டி வந்து நிற்கும்போது, எல்லோரும் நல்ல சீட்டைக் கண்ணால் அளந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் இருவரும் நேராகப் பின் வரிசைக்குப் போய்விடுங்கள். தூக்கிப்போடும் சீட்டு அதுதான், புழுதியும் அங்கேதான். "நாளைக்கு ஒரு வரிசை முன்னால் வருகிறோம், அப்படியே மாறிக்கொண்டே போகலாம்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவரை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.